முழுசா எடுத்துட முடியுமா, சார்?

2017 நவம்பர் கடைசியில், பாரிஸின் ஜார்ஜ் பொம்பிடு மருத்துவமனையில் ஜெரோம் ஹாமோன் என்ற மனிதரின் முகத்தை டாக்டர்கள் அகற்றினார்கள். முகம் முழுவதையும்.

அது அவர் பிறந்த முகம் அல்ல. 2010-ல், பாரிஸை ஒட்டிய க்ரெத்தேய் நகரில், இறந்துபோன ஒருவரிடமிருந்து தானமாகப் பெற்று, கண்ணிமைகளும் கண்ணீர்க் குழாய்களும் சேர்த்துப் பொருத்தப்பட்ட முகம். சில வருடங்கள் நன்றாகத்தான் இருந்தது. 2015-ல் ஒரு ஜலதோஷத்துக்குக் கொடுக்கப்பட்ட ஆன்டிபயாட்டிக், தானமாக வந்த முகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்க அவர் சாப்பிட்டுவந்த மருந்துகளோடு ஒத்துப்போகவில்லை. அடுத்த வருடமே நிராகரிப்பின் அறிகுறிகள் தெரிந்தன. கடைசியில் திசு அழுக ஆரம்பிக்க, எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது. அடுத்த முகம் கிடைக்கும்வரை ஏறக்குறைய இரண்டு மாதம் மருத்துவமனை அறையிலேயே கிடந்தார். இமை இல்லை, காது மடல் இல்லை, தோல் இல்லை. பேசவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. 2018 ஜனவரியில், 22 வயதில் இறந்த ஓர் இளைஞரின் முகம் கிடைத்தது. முதல்முறை ஆபரேஷன் செய்த அதே பேராசிரியர் லொரான் லான்த்தியேரியின் குழுதான் மறுபடியும் பொருத்தியது. 43 வயதில், இரண்டு முறை முகமாற்றம் செய்துகொண்ட உலகின் முதல் மனிதர் ஆனார் ஹாமோன்.

இத்தனைக்கும் அவருக்கு நேர்ந்தது விபத்தும் இல்லை, ஆசிட் வீச்சும் இல்லை. நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 1 என்ற பிறவிக் கோளாறு. நரம்பைச் சுற்றியுள்ள உறைத் திசு வரம்பில்லாமல் வளர்ந்து கட்டியாகிற நோய். நம்மூரில் 'நரம்புக் கட்டி' என்பார்கள்.

பிரான்ஸில் நடந்த ஏதோ அபூர்வச் சங்கதி என்று இதைத் தள்ளிவிட முடியாது. சுமார் 3,000 பேரில் ஒருவருக்கு இந்தக் கோளாறு இருக்கிறது. இனம், நாடு, பால் வித்தியாசம் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.2 கோடி. அந்த விகிதத்தில் வகுத்துப் பார்த்தால் 24,000 பேர் வருகிறார்கள். இவர்களில் பலருக்குத் தோலில் பழுப்புப் புள்ளிகள், சில சின்னக் கட்டிகள் என்ற அளவிலேயே நின்றுவிடும். ஒரு பகுதியினருக்குத்தான் அது முகத்தில் இறங்குகிறது. இறங்கிவிட்டால் கண், மூக்கு, உதடு, கன்னம் எதையும் இருந்த இடத்தில் இருக்க விடுவதில்லை.

அவர்கள் எல்லோருக்கும் முகமாற்றம் தேவையும் இல்லை, சாத்தியமும் இல்லை. 2005-ல் தொடங்கி உலகம் முழுக்க நடந்த முகமாற்ற ஆபரேஷன்களே சுமார் 50தான். அவற்றிலும் இந்த நோய்க்காக நடந்தவை ஒரு சிலவே. முதலாவது 2007 ஜனவரியில், 29 வயது இளைஞர் ஒருவருக்கு. அதைச் செய்ததும் லான்த்தியேரிதான். மற்றவர்களுக்கெல்லாம் இருப்பது சாதாரண பிளாஸ்டிக் சர்ஜரி மேஜையும், ஒரு சர்ஜனின் பொறுமையும்தான். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எது என்ன கட்டி?

முகத்தில் தோன்றுகிற எல்லாமே ஒன்றல்ல. கொழுப்புக் கட்டி என்றால் பெரும்பாலும் ஒரே ஆபரேஷனில் கதை முடிந்தது. அது தனக்கென்று ஓர் உறையோடு இருக்கும். கீறினால் முழுசாக வெளியே வந்துவிடும்.

பிறந்த சில வாரங்களில் குழந்தையின் கன்னத்தில் சிவப்பாகப் புடைத்துக்கொண்டு வருவது பெரும்பாலும் ரத்தக் குழாய்க் கட்டி. முதல் வருடத்தில் மளமளவென்று வளர்ந்து, பிறகு தானே வற்றும். பயந்துபோய்க் கத்தி வைக்கத் தேவையில்லை. பிரான்ஸின் போர்தோ நகரில், இதய நோய்க்காக ஒரு குழந்தைக்கு ப்ரோப்ரனலால் மருந்து கொடுத்தார்கள். மறுநாளே அதன் முகத்திலிருந்த இந்தக் கட்டி நிறம் மங்கி மிருதுவாவதைத் தோல் மருத்துவர் க்றிஸ்தீன் லெயோத்தே-லாப்ரேஸ் கவனித்து, 2008-ல் அறிவித்தார். இன்று அந்தப் பழைய ரத்த அழுத்த மருந்துதான் இந்தக் கட்டிக்கு முதல் சிகிச்சை. ஆனால், கண்ணை மறைத்தாலோ மூச்சை அடைத்தாலோ 'தானே வற்றட்டும்' என்று காத்திருக்கக் கூடாது.

தொட்டால் துடிக்கிற கட்டி தமனியும் சிரையும் நேரடியாகப் பின்னிக்கொண்டதாக இருக்கலாம். அதில் குதிரை முடி கட்டுவதும், சுண்ணாம்பு வைப்பதும், சேங்கொட்டைப் பால் தடவுவதும் உயிரோடு விளையாடும் வேலை. ரத்தம் பீறிட்டால் கிராமத்து வைத்தியரால் நிறுத்த முடியாது.

நரம்புக் கட்டி இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. ப்ளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா என்கிற அந்த வகையைத் தொட்டுப் பார்த்த டாக்டர்கள் 'மண்புழுப் பை' என்பார்கள். தோலுக்கு அடியில் தடித்த நரம்புகள் நெளிநெளியாகக் கையில் தட்டுப்படும். பெரும்பாலும் பிறவியிலேயே இருப்பது. குழந்தைப் பருவத்தில்தான் வேகமாக வளரும். உறை கிடையாது, எல்லையும் கிடையாது. தோல், கொழுப்பு, தசை எல்லாவற்றுக்குள்ளும் ஊடுருவிப் பரவியிருக்கும். கட்டி எங்கே முடிகிறது, முகம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது.

கட்டி வெளியே தெரிவதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடுகிறது. பால் கலந்த காபி நிறத்தில் பழுப்புத் திட்டுகள். குழந்தைக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல், பருவம் எய்தியவர்களுக்கு 15 மில்லிமீட்டருக்கு மேல், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கவனிக்க வேண்டும். அக்குளிலும் தொடை இடுக்கிலும் பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். குளிப்பாட்டும்போது அம்மாவின் கண்ணில் தினமும் படுகிற விஷயம்தான். 'மச்சம்' என்று விட்டுவிடுகிறோம்.

மேஜையின் மேல்

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி ஓ.பி. விழுப்புரம் பக்கத்திலிருந்து அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். பெண் பிளஸ் டூ படிக்கிறாள். இடது மேல் இமை தடித்துக் கண்ணை மூடித் தொங்குகிறது. கன்னமும் அதே பக்கம் சரிந்து, வாயின் ஓரத்தைக் கீழே இழுத்திருக்கிறது. துப்பட்டாவை அந்தப் பக்கமாகவே இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முழுசா எடுத்துட முடியுமா, சார்?" இதைத்தான் அம்மா முதலில் கேட்டார்.

"முழுசா எடுக்கணும்னா கண்ணை மூடுற நரம்பு, சிரிக்கிற நரம்பு எல்லாத்தையும் சேர்த்துத்தாம்மா எடுக்கணும். கட்டி போயிடும், அந்தப் பக்கம் முகம் அசையாது. நான் கொஞ்சம் எடுப்பேன், கொஞ்சம் விட்டுவைப்பேன். சில வருஷம் கழிச்சு மறுபடி தொங்குச்சுன்னா மறுபடி எடுப்போம்."

அம்மா முகம் வாடிப்போனது. டாக்டர் மகளிடம் திரும்பி, "உனக்கு என்னம்மா முதல்ல சரியாகணும்?" என்றார். கன்னம் என்று சொல்வாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

"கண்ணு, சார். பரீட்சை எழுதும்போது இமையை ஒரு விரலால தூக்கிப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுதுறேன். கையை எடுத்தா மூடிக்குது. பேப்பரும் நகருது."

எழுதிக் காட்டச் சொன்னார் டாக்டர். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில், இடது ஆள்காட்டி விரலால் இமையை நெற்றியோடு அழுத்திப் பிடித்தபடி, தாளை முழங்கையால் அணைத்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். அந்த விரல் படுகிற இடத்தில் இமைத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. முதல் ஆபரேஷன் இமைக்கு, கன்னம் அப்புறம் என்று அங்கேயே முடிவானது.

நல்ல சிகிச்சை இப்படித்தான் தொடங்குகிறது என்பது என் தீர்மானமான எண்ணம். 'ஒரே ஆபரேஷன், முகம் பழையபடி ஆகிவிடும்' என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். எதை எடுப்பேன், எதை விட்டுவைப்பேன், ஏன் என்று சொல்கிறவரிடம் முகத்தைக் கொடுங்கள்.

ஆபரேஷனுக்கு முந்தைய வேலையே பாதி. எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கண் குழியைச் சுற்றிய எலும்புக்கு சி.டி. ஸ்கேன். இந்த நோயில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஸ்ஃபீனாய்டு எலும்பே சரியாக உருவாகாமல் போவதுண்டு. அப்போது மூளையின் துடிப்பு கண்ணில் தெரியும். இமையை மட்டும் வெட்டித் தைத்துப் பிரயோஜனமில்லை, நியூரோசர்ஜனும் உடன் நிற்க வேண்டியிருக்கும். பெரிய கட்டி என்றால் முதல் நாளோ இரண்டு நாள் முன்போ, தொடை வழியாக நுண்குழாய் செலுத்தி, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளை அடைப்பார்கள். ரத்த வங்கியில் முன்கூட்டியே சொல்லி வைப்பார்கள். கழுத்தும் தாடையும் கோணியிருந்தால் மயக்க மருந்து கொடுப்பவருக்கு மூச்சுக்குழாய்க்குள் டியூப் போடுவதே சவால்.

ரத்தம்தான் இந்த ஆபரேஷனின் பெரிய பயம். கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவர் மெலிந்து, நைந்துபோயிருக்கும். கிடுக்கியால் பிடித்தால் கிழியும். நூல் போட்டு இறுக்கினால் நூலே அறுத்துவிடும். மற்ற இடங்களில் ஒரு முடிச்சில் நின்றுவிடும் கசிவு இங்கே ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் கீறுவதற்கு முன்பே ரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தைத் தோலுக்கடியில் செலுத்துகிறார்கள். ஒரு பகுதி எடுப்பது, பஞ்சை வைத்து அழுத்திப் பிடிப்பது, காத்திருப்பது, மறுபடி எடுப்பது என்று மணிக்கணக்கில் போகும்.

அடுத்த பயம் முக நரம்பு. காதுக்கு முன்னால் வெளிவந்து, நெற்றி, கண், கன்னம், கீழ்த்தாடை, கழுத்து என்று ஐந்து கிளைகளாக விரிகிற நரம்பு அது. சாதாரண முகத்தில் அது எங்கே ஓடும் என்று சர்ஜனுக்குத் தெரியும். கட்டி புகுந்த முகத்தில் அது இடம் மாறி, தடித்து, கட்டியின் நரம்புகளோடு நிறத்திலும் பருமனிலும் கலந்து கிடக்கும். சின்ன மின்தூண்டலைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். உதடு துடித்தால் அந்த இழையைத் தொடுவதில்லை. அதனோடு ஒட்டிய கட்டியும் அங்கேயே தங்கிவிடும். 'கொஞ்சம் விட்டுவைப்பேன்' என்று டாக்டர் சொன்னது இந்தக் கொஞ்சத்தைத்தான்.

எடுத்த பிறகு மிஞ்சுவது நீண்டு தளர்ந்த தோல். கட்டியின் எடை வருடக்கணக்கில் இழுத்து இழுத்து அதன் விறைப்பே போயிருக்கும். கூடுதல் தோலை வெட்டிவிட்டு, மீதியை மேலே தூக்கிக் கன்ன எலும்பில் துளையிட்டுக் கட்டுகிறார்கள். தொடையின் பக்கவாட்டிலிருந்து எடுத்த உறுதியான சவ்வுப் பட்டையைத் தாங்கு கயிறாக வைத்து வாயின் ஓரத்தைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இமையில் நடுவே ஒரு துண்டு எடுத்துக் குறுக்கி, கண்ணின் வெளி ஓரத்தை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். தழும்பு காது ஓரத்திலும், இமை மயிர்க் கோட்டிலும், மூக்கிலிருந்து உதட்டுக்கு இறங்கும் மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும்படி கீறலைத் திட்டமிடுகிறார்கள்.

தையல் பிரித்தபின் கண்ணாடியில் பார்க்கும் முகம் வீங்கியிருக்கும். அது வடிய மாதங்கள் ஆகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் தளரும். விட்டுவைத்த கட்டி வளரவும் செய்யலாம், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. அதனால் வளரும் வயதில் பார்வைக்கோ மூச்சுக்கோ ஆபத்து இல்லையென்றால் சில சர்ஜன்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். வேறு சிலர், கட்டி சின்னதாக இருக்கும்போதே எடுத்தால் ரத்தச் சேதம் குறையும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் படும் பாடும் குறையும் என்கிறார்கள். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இமை விஷயத்தில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. சின்ன வயதில் கண் மூடியே இருந்தால் பார்வையே வளராமல் போகும். பின்னால் இமையைத் தூக்கினாலும் அந்தக் கண் பார்க்காது.

இன்னொன்றும் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பல வருடம் சும்மா இருந்த கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தால், கெட்டியானால், தூக்கத்தைக் கெடுக்கும் வலி வந்தால், புதிதாக மரத்துப்போனால், அடுத்த ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காதீர்கள். இந்தக் கட்டிகளில் ஒரு பங்கு புற்றுநோயாக மாறுவதுண்டு. வாழ்நாளில் சுமார் 10 பேரில் ஒருவருக்கு அந்த ஆபத்து இருக்கிறது.

மாத்திரையும் வந்திருக்கிறது

2020 ஏப்ரலில் அமெரிக்க எஃப்.டி.ஏ., ஆபரேஷன் செய்ய முடியாத நரம்புக் கட்டியுள்ள குழந்தைகளுக்காக செலுமெட்டினிப் என்ற மருந்தை அனுமதித்தது. இந்த நோய்க்கென்று வந்த முதல் மருந்து அது. நோயை 1882-ல் ஜெர்மானிய மருத்துவர் ஃபான் ரெக்லிங்ஹௌசன் விவரித்தார்; 17-வது குரோமோசோமில் உள்ள மரபணு 1990-ல் அடையாளம் காணப்பட்டது; மருந்து வர இன்னும் முப்பது வருடம் ஆனது. 50 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் 35 பேருக்குக் கட்டியின் கன அளவு குறைந்தது 20 சதவீதமாவது சுருங்கியது. பலருக்கு வலி குறைந்தது. 2025 பிப்ரவரியில் மிர்டாமெட்டினிப் என்ற இன்னொரு மருந்துக்குப் பெரியவர்களுக்கும் சேர்த்தே அங்கே அனுமதி கிடைத்தது.

கத்திக்கு வேலை போய்விட்டதா என்றால், இல்லை. மருந்து கட்டியை மறையச் செய்வதில்லை, சுருக்குகிறது. நிறுத்தினால் பலருக்கு மறுபடி வளர்கிறது. இதயத்தையும் கண்ணையும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு போன்ற தொல்லைகளும் உண்டு. நீண்ட தோல் மாத்திரையால் சுருங்கி மேலே ஏறிவிடாது. அதற்குத் தையல் ஊசிதான் வேண்டும். விலையோ சாதாரணக் குடும்பம் எட்டிப் பார்க்க முடியாத உயரம். ஆனாலும் சின்னக் குழந்தைக்கு வளரும் வேகத்தைத் தடுத்துவைத்து, பிறகு ஆபரேஷனுக்கு வருவது என்ற வழி இப்போது திறந்திருக்கிறது. டாக்டரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.

யார் மேல் பழி?

ஓ.பி. வாசலில் அந்த அம்மா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வயித்துல இருக்கும்போது கிரகணத்துல வெளிய வந்துட்டேன்னு மாமியார் இன்னைக்கும் சொல்லுவாங்க." பதினேழு வருடமாக அவர் அதைச் சுமக்கிறார்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. செல் வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கும் ஒரு புரதத்தைத் தயாரிக்கும் மரபணு பழுதாகிவிட்டது, அவ்வளவுதான். நோயாளிகளில் பாதிப்பேருக்கு அது பெற்றோரிடமிருந்து வந்தது. மீதிப் பாதிக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக நேர்ந்தது. அப்படிப் புதிதாக நேரும் மாற்றங்களில் பெரும்பாலானவை அப்பாவிடமிருந்து வந்த மரபணுவில்தான் நேர்கின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக அப்பாவையும் குற்றம் சொல்ல முடியாது. யாரும் தெரிந்து செய்வதில்லை. ஆனால் 'உங்க வம்சத்துல வந்தது' என்று மருமகளை நோக்கி நீளும் விரல்கள் இதைக் கேட்டாவது இறங்கட்டும். நோய் உள்ளவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. திருமணத்துக்கு முன் மரபணு ஆலோசனை பெறுவது அதனால்தான் முக்கியம்.

லண்டனில் 1890-ல் இறந்த ஜோசப் மெரிக்கை 'யானை மனிதன்' என்று காட்சிப்பொருளாக்கினார்கள். அவருக்கு இருந்தது நரம்புக் கட்டி நோய்தான் என்று இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி மருத்துவ உலகமே நம்பியது. 1986-ல்தான் கனடாவில் பணியாற்றிய இரண்டு ஆய்வாளர்கள், அது ப்ரோட்டியஸ் என்ற வேறொரு நோய்க்கூறாக இருக்க வேண்டும் என்று வாதிட்டார்கள். அதற்குள் நோயாளிகள் எத்தனையோ பேர் அந்தப் பட்டப்பெயரைச் சுமந்துவிட்டார்கள். நம் ஊரில் குஷ்டம் என்று தவறாக நினைத்து ஒதுக்குகிறவர்களும் உண்டு. இது தொற்றாது. பக்கத்தில் உட்காரலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம்.

சட்டமும் காப்பீடும் இவர்களை இன்னும் சரியாகப் பார்க்கவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நோயால் முகம் சிதைந்தவர்கள் என்று தனி வகை இல்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், கடுமையான முகச் சிதைவையே ஊனமாக ஏற்கிறது. இங்கேயும் அப்படி ஒரு திருத்தம் வர வேண்டும். தனியார் மருத்துவக் காப்பீட்டின் பொதுவான விலக்கு விதி, பிளாஸ்டிக் சர்ஜரிக்குப் பணம் கிடையாது என்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்புக்கும், உடல்நலத்துக்கு உடனடி ஆபத்தை நீக்கும் சிகிச்சைக்கும் மட்டும் விதிவிலக்கு. புற்றுநோய் அல்லாத நரம்புக் கட்டி இந்த இடுக்கில் விழுந்துவிடுகிறது. 'அழகுக்காக' என்று கோப்பைத் திருப்பி அனுப்பினால் விடாதீர்கள். பார்வை மறைகிறது, மூச்சு தடைபடுகிறது, மெல்ல முடியவில்லை என்று சிகிச்சை தரும் டாக்டரிடம் எழுத்தில் வாங்கி இணையுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவுகளில் இந்த ஆபரேஷன்கள் நடக்கின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோய், அங்குள்ள காப்பீட்டுத் திட்ட அலுவலரை முதல் நாளே பார்த்துவிடுங்கள்.

இமை தொங்கும் அந்தப் பெண் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போவாள்; உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். மொபைலில் கே.ஒய்.சி. செய்யும்போது 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்று கேட்கும். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் இதே காரணத்துக்காகத் தொடுத்த வழக்கில், 2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்புச் சொன்னது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்றும், கண் சிமிட்டலை மட்டுமே அடையாளமாகக் கேட்காமல் மாற்று வழிகள் தர வேண்டும் என்றும், காகித வழி கே.ஒய்.சி. தொடர வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. முகச் சிதைவு எந்தக் காரணத்தால் வந்திருந்தாலும் வங்கிக் கிளையில் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு மேலே புகார் அனுப்புங்கள்.